பகல் தாண்டினால் சாப்பாடு இல்லை

எனக்கு யார் முன்னாலும் சாப்பிட வராது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கை சோற்றைத் தொடும், வாய் திறக்காது. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். "கோழி மாதிரி மூலையில கொத்துறா" என்று மாமியார் சொல்லுவார். பெற்ற பிள்ளைகள்கூட நான் சாப்பிடுவதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஓர் ஆள் முன்னால்தான் அந்தக் கூச்சம் இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் வீடு உள்ள ஒரு சிங்களப் பெண் அவர். அவருடைய பாஷையில் நான் அவரை "அக்கே" என்பேன். நம்முடைய பாஷையில் அவர் என்னைத் "தங்கச்சி" என்பார். நான் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் அவருக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுகிற இடம் அது. என் மூத்தவளுக்குப் பால் கொடுக்கப் போகும் நேரத்தில் ரொட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன். ஒரு நாள் அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"செவுத்துக்கு என்னத்தக் காட்டுற? இப்பிடிப் பாத்துத் தின்னு. நீ தின்னாத்தான் அதுக்குப் பால்."

சொல்லிவிட்டுத் தன் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே தின்றேன். மறுநாள் அழவில்லை.

என் வீட்டுக்காரரும் போய், அவருடைய வீட்டுக்காரரும் போன பிறகு, ராத்திரிச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு கறியைச் சுமந்துகொண்டு நான் இறங்குவேன். அவர் ரொட்டியோ சோறோ செய்து வைத்திருப்பார். டீவி ஓடும். அதில் என்ன போகிறது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் பேசிக்கொண்டே சாப்பிடுவோம்.

போன வருஷம் ஒரு நாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "தங்கச்சி, நான் சில் மாத்தாவாப் போயிரலாமான்னு யோசிக்கிறேன்."

சில் மாத்தா என்றால் தலையை மழித்துக் காவி உடுத்தி, ஆராமத்தில் இருக்கும் பெண் துறவி. அவர்கள் பகல் பன்னிரண்டு தாண்டினால் மறுநாள் விடியும்வரை சாப்பிடக் கூடாது. எனக்கு மனதில் ஓடியது அது ஒன்றுதான். இவர் போய்விட்டால் ராத்திரி நான் யார் முன்னால் சாப்பிடுவேன்?

"நல்லதுதானே அக்கே" என்றேன். கையில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மலைக்குக் கீழே புத்தல பக்கம் ஓர் ஆராமம் இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். போய் ஒரு ராத்திரி இருந்து பார்ப்பது, பிடித்தால் இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். போகிற வழியில் உள்ள விகாரைகளையும் கும்பிட்டுக்கொண்டு போக ஆசை. அவருடைய மகன் த்ரீவீல் ஓட்டுகிறவர். நாற்பது வயது ஆள், பிள்ளைக் காம்பராவில் என் பிள்ளைகளோடு வளர்ந்தவர், என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவார். அம்மா தலையை மழிப்பதில் அவருக்குக் கொஞ்சமும் இஷ்டம் இல்லை.

"சின்னம்மா, நீங்களும் வாங்க. நீங்க சொன்னாத்தான் அம்மா கேக்கும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அக்கேயும் தனியாகச் சொன்னார்: "நீயும் வா. எனக்குப் புடிக்குதா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

புறப்படும் நாளுக்கு முந்தின நாள் ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். விகாரைக்கு வெள்ளைதான் கட்டுவார்கள். எனக்குக் கை கூசியது. எங்களிடம் வெள்ளை கட்டுவது எதற்கு என்று அவருக்கும் தெரியும்.

"அவரு செத்தப்பகூட நான் வெள்ள கட்டலயே அக்கே."

"அப்ப கட்டாத. மஞ்சள் இருந்தா கட்டு. புத்தர் கலர் பாக்க மாட்டாரு, பக்கத்துல நிக்கிற பொம்பளைங்கதான் பாப்பாங்க."

வெளிறிய மஞ்சள் சேலை ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு விடியும்போதே ஏறினேன்.

முதலில் பதுளை டவுனில் உள்ள முதியங்கன விகாரை. எத்தனையோ தடவை அதன் மதிலோடு நடந்து கடைக்குப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. நம்மை என்ன கேட்பார்களோ என்ற கூச்சம்தான். உள்ளே மணல் ஈரமாக இருந்தது. வெள்ளைத் தாதுகோபம் பனியில் பாதி கரைந்ததுபோல் நின்றது. அக்கே ஒரு பிக்குவின் முன்னால் மண்டியிட்டு அன்றைக்கு மட்டும் எட்டுச் சில் என்ற எட்டு நோன்புகளை எடுத்துக்கொண்டார். அதிலும் அதே விதிதான், பகல் தாண்டினால் சாப்பாடு இல்லை. ஆராமத்துக்குப் போகுமுன் பழகிப் பார்க்கிறாராம்.

நான் பூவை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். புத்தர் சிலைக்கு முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பால்சோறும் கறியும் பழமும் படைத்திருந்தார்கள். பூசை முடிந்ததும் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெரியவர் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். எனக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. சாமிக்குப் படைத்தது வருகிறது, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவர் திகைத்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் இளகி, என் கை நிறையப் பால்சோற்றையும் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுப் போனார். கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே நின்று சாப்பிட்டேன். சுற்றி எத்தனை பேர். பிரசாதத்துக்கு எனக்கு வெட்கம் வருவதில்லை, அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அக்கே திரும்பி வந்தபோது அவருக்கு என்று கொஞ்சம் விரலில் ஒட்டி வைத்திருந்தேன்.

"அனே! என்ன செஞ்ச?"

"பிரசாதம் அக்கே. இந்தாங்க."

"அது புத்தருக்கு வச்ச சோறு! அத எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க. காக்காக்கும் நாய்க்கும் போடுறது. சாப்பாடு இல்லாம வர்றவங்க கேட்டாக் குடுப்பாங்க."

அப்போதுதான் அந்தப் பெரியவர் ஏன் இரக்கப்பட்டார் என்று புரிந்தது. என் காது சூடாகிவிட்டது.

"எங்க சாமி தின்னுட்டு மிச்சத்த எங்களுக்குத் தர்றாரு. ஒங்க புத்தரு ஏன் அக்கே மிச்சம் தர மாட்டேங்கிறாரு?"

"அத நீ அவர்கிட்டத்தான் கேக்கணும். எங்கம்மா சொல்லுவாங்க, அதத் தின்னா அடுத்த பொறப்புல காக்காவாப் பொறப்பாங்கன்னு."

"பொறந்தா ஒங்க வீட்டுக் கூரைக்குத்தான் வருவேன்."

"நான் வீட்டுல இருந்தாத்தானே" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அதற்குப் பிறகு ஹாலிஎல தாண்டும்வரை ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். மகன்தான் கண்ணாடியில் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அடுத்தது தோவ விகாரை. ரோட்டிலிருந்து இறங்கிப் போகவேண்டும், பக்கத்தில் ஆறு ஓடுகிறது. பாறையில் புத்தர் நின்ற கோலத்தில் இருக்கிறார். செதுக்கியவர்கள் முடிக்காமலே போய்விட்டார்கள்போல, கீழே வரவர உருவம் பாறைக்குள் போய்விடுகிறது. அக்கேயின் முழங்கால் படி இறங்க விடவில்லை. மலைக்குளிரில் அவருக்குக் காலைகளில் முட்டி வீங்கிக் கிடக்கும். நானும் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். மண்டியிட முடியாமல் நின்றபடியே கும்பிட்டார்.

மகன் போனைத் தூக்கி, சிலைக்கு முதுகைக் காட்டி நின்று எங்களையும் சேர்த்துப் படம் எடுக்கப் பார்த்தார்.

"புத்தருக்கு முதுகக் காட்டாத மடையா! ஒனக்காகவும் சேத்துத்தான் நான் சில் எடுக்கணும்போல இருக்கு."

"அப்ப எனக்காக வீட்டுலயே இருந்து எடுங்க" என்றார் மகன். நான் சேலைக்குள் சிரித்தேன். அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்.

எல்ல தாண்டி, அருவி தெரிகிற வளைவில் நிறுத்திச் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். பகல் தாண்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று அக்கே மகனின் போனில் மணி பார்த்துக்கொண்டே அவசரமாகச் சாப்பிட்டார். நான் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். இனி இவரோடு இருட்டிய பிறகு சாப்பிடுவது இல்லையோ என்று ஒவ்வொரு வாய்க்கும் தோன்றியது.

அங்கிருந்து இறக்கம். வளைவுக்கு வளைவு குளிர் கழன்றுகொண்டே வந்தது. நான் சுவெட்டரைக் கழற்றினேன், அக்கே காதில் கட்டிய துணியை அவிழ்த்தார். வெல்லவாயவில் ரோட்டோரம் பெரிய பானைகளில் சோளம் அவித்துக்கொண்டிருந்தார்கள். அவித்த சோளம் என்றால் அக்கேக்கு உயிர். நான் கடையில் வாய் திறந்து ஒன்றும் கேட்காதவள். அன்றைக்கு, "தம்பி, நிப்பாட்டுங்க. சோளம் வாங்கணும்" என்றேன்.

மகன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரே ஓட்டமாகப் போய் ஆவி பறக்க மூன்று வாங்கி வந்தார்.

நல்ல கதிராகப் பார்த்து அக்கேயின் கையில் வைத்தேன். அவர் இலையை உரித்து, உப்புத் தண்ணீர் சொட்ட மூக்குக்குக் கிட்டே பிடித்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"அம்மே, மோந்தா சில் ஒடஞ்சிரும்" என்றார் மகன்.

"மோந்தா ஒடையாது. ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கதிரை என் மடியில் வைத்தார். "நீ தின்னு தங்கச்சி."

மகன் இரண்டைத் தின்றார். என் மடியில் இருந்தது ஆறிப்போயிற்று. அவர் தின்னாமல் நான் மட்டும் எப்படித் தின்பது?

அந்தச் சூட்டோடு புதுருவாகலைக்குப் போனோம். காட்டுக்குள் யானை படுத்திருப்பதுபோல ஒரு பெரிய பாறை. அதன் முகம் முழுக்கச் சிலைகள். நடுவில் புத்தர் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கிறார். இரண்டு பக்கமும் வேறு ஆட்கள். அதில் இடுப்பை ஒடித்து நிற்கும் ஒரு பெண்ணையும் பார்த்தேன்.

"அந்தம்மா யாரு அக்கே?"

"தாரா தேவி."

"அவங்க இங்க என்ன செய்றாங்க?"

"சும்மா கூட நிக்கிறாங்க" என்றார். சொல்லிவிட்டு, யாரும் பிடிக்காமல், முட்டியை மடக்கி மணலில் உட்கார்ந்தார். எழும்பும்போதும் என் கையைத் தேடவில்லை. அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரிந்தது. வெயில் அவருடைய முட்டிக்குள் இறங்கியிருந்தது.

ஆராமத்துக்குப் பொழுது சாயுமுன் போய்ச் சேர்ந்தோம். ஓட்டு வீடு, பக்கத்தில் அரசமரம், வெள்ளை மணல் முற்றம், மாதுளைச் செடிகள். நாலைந்து சில் மாத்தாக்கள்தான். அவர்களில் பெரிய மாத்தா எழுபது தாண்டியவர், சிரித்தால் குழந்தை மாதிரி இருந்தார். என்னைத் தமிழ் என்று அறிந்ததும் தமிழிலேயே "வாங்க, இருங்க" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தமிழ். அதையே ஒவ்வொரு தடவை என்னைக் காணும்போதும் சொன்னார்.

இருட்டும்போது எனக்கும் மகனுக்கும் மட்டும் சோறு வைத்தார்கள். மகன் நாலு வாயில் முடித்துவிட்டு வண்டியில் தூங்கப் போனார். நான் தட்டை வைத்துக்கொண்டு கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தேன். மாத்தாக்கள் உள்ளே வரிசையாக இருந்து பன என்ற புத்தர் பாடம் ஓதிக்கொண்டிருந்தார்கள். அக்கே ஒரு கோப்பை பால் சேராத தேயிலைச் சாயத் தண்ணியும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியுமாக வந்து எதிரே உட்கார்ந்தார். சில் எடுத்தவர்களுக்கு ராத்திரி அது மட்டும்தான்.

"ஏன் இன்னும் தின்னல?"

"நீங்க தின்னலயே."

"நான் தின்னாட்டி என்ன? நான் இங்கதானே இருக்கேன். தின்னு, பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் ஒரு வாய் வைத்தேன். அவர் சாயத் தண்ணியைக் குடித்தார். இன்னொரு வாய் வைத்தேன். சோறு உள்ளே போயிற்று. அவர் தின்னாமல் இருந்தும் போயிற்று. இத்தனை காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து தின்றதால்தான் எனக்குக் கூச்சம் இல்லை என்று நினைத்திருந்தேன். அவர் எதிரே இருந்ததுதான் விஷயம். தட்டைக் கழுவி வைத்தபோது மனம் லேசாக இருந்தது, அதே சமயம் பயமாகவும் இருந்தது. எதிரே இருக்கவேண்டியவர் இங்கே இருந்துவிட்டால்?

காலையில் கண் விழித்தபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. வெளியே சரக் சரக் என்று சத்தம். அக்கே ஈர்க்குமாறை வைத்துக்கொண்டு அரசமரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். குனிந்து கூட்டுகிறார்! ஸ்பிரிங்வெளியில் அந்த நேரத்தில் அவர் கட்டிலை விட்டு இறங்க நான் போய்க் கை கொடுக்க வேண்டும். இங்கே மணலில் கோடு கோடாக இழுத்துப் பின்பக்கமாகவே நடந்து, தன் காலடி விழாமல் கூட்டினார். மகனும் வண்டியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

அக்கே எங்களைக் கண்டு நிமிர்ந்தார்.

"நீ சொல்லு தங்கச்சி. இருக்கவா, வரவா?"

மகன் என் முகத்தைப் பார்த்தார். வரச் சொல்லுங்க என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நானும் அதைத்தான் சொல்ல வந்தவள்.

"ராவைக்கு முட்டி வலிச்சிச்சா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல. நான் அத மறந்தே போனேன்."

"அப்ப இருங்க அக்கே."

"நீ ராவைக்கு என்ன செய்வ?"

"எனக்கு என்ன. செவுரு இருக்குதானே."

அவர் சிரிக்கவில்லை. ஈர்க்குமாறைக் கீழே போட்டுவிட்டு வந்து, முன்பு பிள்ளைக் காம்பராவில் செய்த மாதிரியே என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் வண்டிக்குப் போய் ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பெரிய மாத்தா யாரையும் எடுப்பதில்லை. மகனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் குனிந்துகொண்டு "சரி" என்றார். பிறகு பெரிய மாத்தா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மகன்தான் தமிழில் சொன்னார்:

"இங்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டு ஆளுங்க வந்து தானம் குடுக்கிறாங்களாம். சின்னம்மாவுக்கும் மாசத்துல ஒரு நாள் வேணுமான்னு கேக்குறாங்க."

"நான் அவங்க சமயம் இல்லையே தம்பி."

மகன் அதைத் திருப்பிச் சொன்னார். பெரிய மாத்தா எனக்குப் பதில் சொல்லாமல் "வாங்க, இருங்க" என்றார்.

அப்படித்தான் எனக்கு ஒரு நாள் கிடைத்தது. முதல் தானத்துக்கு நானும் மகனும் முந்தின நாளே போய், அவர்களுடைய அடுப்பிலேயே விடியக் காலையில் சமைத்தேன். பலாக்காய்க் கறி, பருப்பு, கீரைச் சுண்டல். பகலாவதற்கு முன் மாத்தாக்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியில் மொட்டைத் தலையோடு அக்கே. காது பெரிசாகத் தெரிந்தது. நான் கரண்டியோடு குனிந்தபடியே போய், அவருடைய பாத்திரத்தில் பரிமாறினேன். அவர்கள் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் தானம் கொடுத்தவர்கள் சாப்பிட வேண்டும். அது அங்கே முறை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதற்கு என்னை யாரும் கேலி செய்யாத இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

அடுப்படியில் என் தட்டோடு உட்கார்ந்தேன். அக்கே வந்து கதவு நிலையில் உட்கார்ந்தார். தோட்டத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, லயத்துத் தகரம் மாற்றினார்களா, டீவி இன்னும் ஓடுகிறதா என்று எல்லாம் கேட்டார். பலாக்காயை வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது, கறியில் உப்பே இல்லை.

"அக்கே! உப்பு போடவே இல்லையே. சொல்லக் கூடாதா?"

"சில் மாத்தா சாப்பாட்டுக்குக் கொற சொல்லக் கூடாது. குடுத்தத சாப்பிடணும்."

"மூஞ்சியிலயாவது காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினேன். நல்லாவே காட்டினேன். நீ எங்க நிமிந்து பாத்த?"

பெரிய மாத்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். நான் உப்பை எடுத்துத் தட்டில் போட்டுப் பிசைந்து, அவரைப் பார்த்தபடியே இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

வீட்டில் ராத்திரியில் இப்போதும் தனியாகத்தான். சுவரைப் பார்த்து உட்காருவதில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்காருகிறேன். போகிறவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மாதத்தில் அந்த ஒரு நாள் வருகிறது, அதற்கு முந்தின வாரமே என்ன கறி வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன்.